ஐம்பத்தெட்டு நொடிப் பதில்

மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. கடந்த ஐந்து ஆண்டுகளில் பிரேமலதா பதில் சொல்லி முடித்துவைத்த கேள்விகளின் எண்ணிக்கை இது. இதில் மூவாயிரத்து நூற்றுப் பதினொன்று அவளுக்கு மறந்துவிட்டன. யார் கேட்டார்கள், எந்த ஊர், கழுத்து வலியா மூட்டு வலியா என்று கேட்டால் கம்ப்யூட்டரைத் திறந்துதான் பார்க்க வேண்டும். மீதி ஒன்று மட்டும் கூப்பிடாமலே வரும். ராஜகோபுரத்துக்கு எதிரே காய் வாங்கும்போது வரும். அம்மா மண்டபம் ரோட்டைக் கடக்கும்போது பாதி வழியில் வரும். குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கும்போது வந்து எண்ணிக்கையைக் கெடுக்கும்.

பிரேமலதாவுக்கு ஐம்பத்தொரு வயது. திருச்சியில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் பத்தொன்பது வருடம் உதவியாளராக இருந்தவள். 2016இல் பைண்டு செய்த பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றை மேல் அடுக்கிலிருந்து இறக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவே இல்லை. அடுத்த இரண்டு வருடத்தில் அவள் செய்யாத வைத்தியமில்லை. எண்ணெய்க் கட்டு, பெல்ட், காந்த மெத்தை, காட்டூரில் ஒருவர் முதுகில் ஏறி மிதித்தது வரை எல்லாம் ஆயிற்று. கணவர் ரெங்கராஜ் ஸ்ரீரங்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியர் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் அதைக் கெட்டுப்போன பிரதியின் பின்பக்கம் எழுதி வீட்டுக்குக் கொண்டுவருவார். கடைசியில் வலி சிகிச்சை மருத்துவர் ஒருவர் அவளை இருபது நிமிடம் உட்காரவைத்து, முதுகில் என்ன நடக்கிறது, என்ன நடக்கவில்லை என்று படம் போட்டுக் காட்டினார். வலி முழுதாகப் போகவில்லை. பயம் போயிற்று. அந்த இருபது நிமிடம் தனக்கு ஏன் இரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது என்ற எரிச்சல்தான் பிரேமலதாவை ‘வலித்துணை’யில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வலித்துணை ஒரு வாட்ஸ்அப் எண். கட்டடமும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. நாள்பட்ட வலியோடு இருக்கிற யாரும் அதில் கேள்வி கேட்கலாம். பதினான்கு தன்னார்வலர்கள் அவரவர் வீட்டிலிருந்து பார்க்கிறார்கள். சரிபார்க்க இரண்டு மருத்துவர்கள் இருக்கிறார்கள். நோய் இன்னதென்று சொல்லக் கூடாது, மருந்து சொல்லக் கூடாது. நம்பத் தகுந்த தகவலைத் தேடி எடுத்து, கேட்டவருக்குப் புரிகிற தமிழில், இருபத்து நாலு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஏழு நாளில் டிஸ்க் உள்ளே போய்விடும் என்கிற வீடியோ உண்மையா? மாமியாருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை மருமகளும் சாப்பிடலாமா? துவாக்குடிக்காரர் ஒருவர் காந்த மெத்தையின் படத்தை அனுப்பி இது வேலை செய்யுமா என்று கேட்டபோது, ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று நாலு வரி எழுதிவிட்டு, கடைசியில் ‘தூங்குவதற்கு நன்றாக இருக்கும்’ என்று சேர்த்தவள் பிரேமலதா. அந்த மெத்தையில்தான் இன்றைக்கும் ரெங்கராஜ் தூங்குகிறார்.

அவள் அங்கே ஒரு புது வழக்கத்தையும் கொண்டுவந்தாள். எழுத்தில் பதில் போட்டால் பாதிப் பேர் படிப்பதில்லை, மீதிப் பேரில் பாதிக்குப் படிக்க வராது என்று கண்டுகொண்டு, பதிலைத் தன் குரலில் பதிந்து அனுப்பத் தொடங்கினாள். தெளிவான குரல் அவளுக்கு. மருந்துக்கடைச் சீட்டைக்கூட அவள் படித்தால் கதை மாதிரி இருக்கும் என்பார் ரெங்கராஜ். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் யாரும் கேட்பதில்லை என்பதால் ஒரு நிமிடம்தான் வரம்பு என்று வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள்.

வேறு சில விதிகளும் இருந்தன. ஒரு கேள்வி யார் கையில் முதலில் விழுகிறதோ, கடைசிவரை அது அவர்களுடையது. அனுப்பியவரே ஒரு செய்தியை அழித்துவிட்டால் அது என்னவென்று கேட்கக் கூடாது. அழித்தவருக்கு ஒரு காரணம் இருக்கும். இடுப்பு வலி என்று யார் வந்தாலும் முதலில் ‘சிவப்புக் கேள்விகள்’ ஐந்தையும் கேட்டாக வேண்டும். அதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பேச்சே கிடையாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும்.

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகாலுக்குப் புது எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நாற்பத்தொரு நொடி. பெயர் பொன்னுத்தாய், வயது முப்பத்தாறு, உப்பிலியபுரம் பக்கம், வெங்காய நடவுக்குப் போகிறவள். நாலு வருடமாக இடுப்பு வலி. ஒரு வாரமாகக் கூடுதல். படுத்தே இருக்கலாமா, வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாள்.

பிரேமலதாவின் பட்டியலில் அன்று பத்தொன்பது கேள்விகள். குரல் செய்திகளை அவள் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்பாள், எல்லோரையும் போல. ஐந்து சிவப்புக் கேள்விகளையும் குரலில் அனுப்பினாள். ஒண்ணுக்குப் போவதில் சிரமம் இருக்கிறதா, தெரியாமலே போய்விடுகிறதா, உட்காருகிற இடமும் தொடையிடுக்கும் மரத்திருக்கிறதா என்று மூடிமறைக்காமல் கேட்பாள். அப்படிக் கேட்கத் தயங்காததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நாலு நிமிடத்தில் பதில் வந்தது. “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க.”

அடுத்த நிமிடமே இன்னொரு செய்தி வந்தது. பிரேமலதா அதைத் தொடுவதற்குள் அது போய்விட்டது. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற சாய்ந்த எழுத்து மட்டும் நின்றது. விதிப்படி அவள் கேட்கவில்லை.

பதிலைப் பதிந்தாள். வலி வந்தாலே முதுகு கெட்டுப்போகிறது என்று அர்த்தமில்லை, பெரும்பாலான இடுப்பு வலி ஆபத்தில்லாதது, படுத்தே கிடந்தால் இன்னும் இறுகும், முடிந்தவரை நடமாடுங்கள். எல்லாமே சரியான தகவல், மருத்துவர்கள் பார்த்துச் சரி சொன்னது. கடைசியில் ஒரு வரியும் உண்டு: எப்போதாவது சிறுநீர் தடைப்பட்டாலோ, அடியில் மரத்துப்போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அதோடு சேர்த்துப் பேசினால் ஒரு நிமிடம் பதினொரு நொடி வந்தது. கேட்டாகிவிட்டது, இல்லை என்றும் சொல்லிவிட்டாள், மறுபடி எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்து அந்த வரியை விட்டுவிட்டு மீண்டும் பதிந்தாள். ஐம்பத்தெட்டு நொடி. ‘ரொம்ப நன்றிங்க’ என்று பதில் வந்தது. கேள்வி முடிந்தது என்று குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போனாள்.

கிட்டத்தட்ட நாலு மாதம் கழித்து, மார்ச் பத்தாம் தேதி திங்கட்கிழமை, அதே எண்ணிலிருந்து இரண்டு படங்கள் வந்தன. வணக்கம் இல்லை, ஒரு சொல் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டிஸ்சார்ஜ் தாளின் இரண்டு பக்கங்கள். பொன்னுத்தாய், கணவர் பெயர் வீரமலை, முகவரி. சேர்த்த தேதி நவம்பர் 28. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படிக்க பிரேமலதாவுக்கு அகராதி தேவைப்படவில்லை. பிதுங்கிய டிஸ்க், முதுகுத் தண்டின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்தை அழுத்திவிட்டது. அவசர ஆபரேஷன். வந்தபோதே சிறுநீர் கட்டி பத்து நாளுக்கு மேல். பத்து நாள் என்றால் நவம்பர் பதினெட்டு. அவள் ‘ஒண்ணுமில்லைங்க’ என்று சொன்னதற்கு முந்தின நாள்.

முதல் பக்கத்தை முடித்து இரண்டாம் பக்கத்தில் பாதிகூடத் தாண்டவில்லை. ‘குழாய் வைத்துத் தானே சிறுநீர் எடுக்கப் பழக்கப்பட்டது’ என்ற இடத்தில் படத்தை மூடிவிட்டாள்.

மத்தியானம் ரெங்கராஜ் கடையில் இருந்த நேரம், பழைய நாற்பத்தொரு நொடியைத் தேடி எடுத்து, இந்தத் தடவை சாதாரண வேகத்தில் கேட்டாள். பின்னணியில் எங்கேயோ மாவு மில் மாதிரி ஒரு சத்தம். யாரோ ஆண் ஒருவன் சிரிக்கிறான். முப்பத்து மூன்றாவது நொடியில் பொன்னுத்தாய் “அப்புறம் வந்துங்க” என்கிறாள். பிறகு மூன்று நொடி ஒன்றுமில்லை. மில் சத்தம் மட்டும். பிறகு, “படுத்தே இருக்கலாங்களா?” ஒன்றரை மடங்கு வேகத்தில் அந்த மூன்று நொடி இரண்டாகி, மூச்சு வாங்குகிற மாதிரிதான் கேட்டிருந்தது.

அன்றிலிருந்து அந்த மூன்று நொடி அவளோடேயே இருந்தது. அதைவிட மோசம் அவளுடைய சொந்தக் குரல். பஸ்ஸில் யாராவது போனைக் காதில் வைத்துக் குரல் செய்தி கேட்டால், அதில் தன் குரல் வருவது போல இருக்கும். வலி வந்தாலே முதுகு கெட்டுப்போகிறது என்று அர்த்தமில்லை. நடமாடுங்கள். யாரோ ஒருத்தி நடமாடிக்கொண்டிருக்கிறாள், அடியில் மரத்துப்போன உடம்போடு, வெங்காயப் பாத்தியில் குனிந்து நிமிர்ந்து, அந்த அக்கா சொன்னாங்களே என்று. கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தால்கூட பிரேமலதாவுக்குத் தோள் குறுகிற்று.

படங்களுக்கு அவள் பதில் போடவில்லை. போட என்ன இருக்கிறது? ஒரு சொல்லும் இல்லாமல் அனுப்பப்பட்ட அந்தத் தாள் அவளுக்குக் குற்றப்பத்திரிகையாகத்தான் தெரிந்தது. பார், நீ செய்ததைப் பார். இருபத்து நாலு மணி நேரக் கெடு தாண்டினால் மேற்பார்வையாளருக்குச் சிவப்பில் தெரியும் என்பதால், அவள் அதை ‘தவறுதலாக வந்தது’ என்கிற பெட்டியில் தள்ளினாள். ஐந்து வருடத்தில் அவள் செய்த முதல் பொய்க் குறி அது. பிறகு தினம் நாலு தடவை அந்தப் பெட்டியைத் திறந்து, படம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினாள்.

பதினோராவது நாள், வெள்ளிக்கிழமை பிற்பகல், பாலக்கரைக்குப் போனாள். வலித்துணையின் மேற்பார்வையாளர் ஷரபுன்னிசாவின் வீடு அங்கே இருக்கிறது. முப்பத்து நாலு வருடம் ஸ்டாஃப் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைவிட மூத்தவர்கள்கூட சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நோன்புக் கஞ்சிக்கு அரிசியும் பருப்பும் களைந்துகொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். இரண்டு படத்தையும் ஒரு தரம். பழைய உரையாடலை ஒரு தரம்.

“எத்தனை நாளாச்சு?”

“பதினொண்ணு, சிஸ்டர்.”

“பதினோரு நாளா இதை மடியில கட்டிக்கிட்டுத் திரியிறியா? நோன்பு இருக்கறது நானா, நீயா? உன் மூஞ்சியைப் பாரு.”

பொன்னுத்தாய் அழித்த செய்தியைப் பற்றிப் பிரேமலதா சொன்னாள். விதியை மீறி அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும் என்றாள். வெட்டிய வரியைப் பற்றிச் சொல்லவில்லை. வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை.

ஷரபுன்னிசா கஞ்சிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். வார்டில் இந்தக் கேள்வியை ஆயிரம் தடவை கேட்டிருப்பதாகச் சொன்னார். “ஆனாம்மா, நான் எப்பக் கேட்டாலும் முதல்ல கட்டிலைச் சுத்தி ஸ்க்ரீனை இழுத்துவிட்டுடுவேன். புருஷன் நின்னாலும் சரி, மாமியா நின்னாலும் சரி, டீ குடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிடுவேன். அப்புறம்தான் வாயைத் திறப்பேன். உன் போன்ல ஸ்க்ரீன் எங்க இருக்கு?”

பிரேமலதாவுக்குப் பொன்னுத்தாயின் வீடு கண் முன்னால் வந்தது. ஒரே ஒரு போன். அது வீரமலையுடையதாக இருக்கலாம். படிக்கத் தெரியாதவர்களுக்கென்று அவள் ஆசை ஆசையாகக் கொண்டுவந்த குரல், அந்த வீட்டு நடுவில், எல்லோர் காதிலும் விழும்படி, தெளிவான உச்சரிப்பில், தொடையிடுக்கு மரத்திருக்கிறதா என்று ஒரு பெண்ணைக் கேட்கிறது. யாரோ சிரிக்கிறான். அவள் என்ன சொல்வாள்?

இது வரை குரலில் சிவப்புக் கேள்வி கேட்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று ஷரபுன்னிசா கேட்டார். எண்ணி வைத்திருக்கவில்லை. அறுநூறு இருக்கலாம் என்றாள் பிரேமலதா. அறுநூறு ‘ஒண்ணுமில்லைங்க’. ஷரபுன்னிசா எழுந்து கஞ்சியைக் கிளறப் போனார்.

போன் பண்ணிப் பேசு என்று சொல்லி அனுப்பினார் ஷரபுன்னிசா. கேள்வி கேட்டவர்களின் வீட்டுக்குப் போகக் கூடாது என்ற விதியை எழுதியவரே அவர்தான், அதனால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. பிரேமலதா வீட்டுக்கு வந்து எண்ணை அழுத்தினாள். “அலோ” என்றது ஓர் ஆண் குரல். தான் யாரென்று அவனிடம் எப்படிச் சொல்வது? அவனுக்கு எவ்வளவு தெரியும்? இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை ரெங்கராஜ் அவளை ஸ்கூட்டரில் நம்பர் ஒன் டோல்கேட் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். விஷயம் முழுவதும் அவருக்குத் தெரியாது; முகம் தெரியும். “கடைசி சீட்ல மட்டும் உக்காராத லதா. ஊருக்கெல்லாம் சொல்லுவ, நீ கேக்க மாட்ட” என்றார். துறையூர் பஸ்ஸில் கடைசி சீட்தான் கிடைத்தது. மண்ணச்சநல்லூர் தாண்டுவதற்குள் இடுப்பில் பழைய இடம் விழித்துக்கொண்டது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு குத்து. நாலு நாளைக்குப் படுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. படட்டும் என்று இருந்தாள்.

துறையூரில் பஸ் மாறி, உப்பிலியபுரத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, டீக்கடையில் விசாரித்துப் போனாள். ரோட்டோரத்தில் சிமென்ட் ஷீட் போட்ட வீடு. பக்கத்துக் கட்டடத்தில் மாவு மில். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவள் கால் நின்றுவிட்டது. பன்னிரண்டு நாளாகப் போனுக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், இப்போது வெயிலில், நிஜமாக, மிளகாய் நெடியோடு.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெண் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். நாற்காலியில் கைத்தடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பிரேமலதா மனசுக்குள் கட்டி வைத்திருந்த ஆளைவிட இவள் சின்னப் பெண்.

“பொன்னுத்தாய்ங்களா?” என்றாள்.

வெங்காயம் ஆய்ந்த கை அப்படியே நின்றது. பொன்னுத்தாய் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, இன்னொரு தரம் பேசட்டும் என்பது போலக் காத்திருந்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

“வலித்துணை அக்கா.”

உள்ளேயிருந்து ஒரு ஆள் வந்தார். வீரமலை. மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு, “அந்தக் குரலு நீங்கதானா? நான் ரேடியோவுல வேலை பாக்குறவங்கன்னு நினைச்சேன்” என்றார். இன்னொரு நாற்காலி போட்டார். வெயிலில் வந்திருக்கிறார்கள், கலர் வாங்கி வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பொன்னுத்தாயைத் துணியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்க் காருக்குள் ஏற்றியவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. கெட்ட ஆள் யாரும் அந்த வீட்டில் இல்லை.

சைக்கிள் ரோட்டில் திரும்பி மறைந்ததும் பொன்னுத்தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிரேமலதா வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்த முதல் வாக்கியத்தை எடுப்பதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

“படிச்சீங்களா?”

“எதை?”

“அந்தப் பேப்பரை. என்ன போட்டிருக்குன்னு சொல்வீங்கன்னுதான அனுப்பினேன்?”

பிரேமலதா பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“இருபத்து நாலு மணி நேரத்துல சொல்லுவீங்களே. பன்னெண்டு நாளா அவரு போனைப் பாத்துக்கிட்டே இருக்கேன்” என்றாள் பொன்னுத்தாய். கோபமாக இல்லை. பஸ் ஏன் வரவில்லை என்று கேட்கிற மாதிரி இருந்தது.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று மூன்று மாதம் கழித்து எதற்கோ வரச் சொன்னார்கள், எல்லாம் தாளில் இருக்கிறது என்றார்கள், கூட்டத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. ஊரில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் கொடுத்தால் குழாய் விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும். குரலில் கேட்டு அனுப்பினால் வீட்டில் காதில் விழும். அதனால்தான் படத்தை மட்டும் அனுப்பினாள். அந்த அக்கா புரிந்துகொள்வார்கள் என்று.

பிரேமலதா அப்போது எல்லாவற்றையும் சொன்னாள். தாளைப் பழி என்று நினைத்ததை, ஒளித்து வைத்ததை. கடைசியாக, யாரிடமும் சொல்லாத அந்த வெட்டிய வரியை. ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும் என்று தான் எடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

பொன்னுத்தாய் மடியிலிருந்த வெங்காயச் சருகைத் தட்டினாள்.

“என்ன வரி அது?”

“இப்ப எதுக்குங்க?”

“சொல்லுங்க. எனக்குன்னு இருந்த வரிதான அது?”

மில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து வருடத்தில் எத்தனையோ பேருக்குத் தட்டுத் தடங்கலில்லாமல் பேசிய பிரேமலதா, அந்த ஒரு வரியை மூன்று தடவை ஆரம்பித்துத்தான் முடித்தாள். எப்போதாவது சிறுநீர் தடைப்பட்டாலோ, அடியில் மரத்துப்போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

பொன்னுத்தாய் முழுதாகக் கேட்டாள்.

“கேட்டிருந்தா போயிருப்பேனா, மாட்டேனான்னு எனக்கே தெரியல அக்கா. நீங்க அதையெல்லாம் கேக்கும்போது வீட்டுல எல்லாரும் சுத்தி உக்காந்திருந்தாங்க. என் கொழுந்தனாரு சிரிச்சிட்டாரு. பொய் சொன்னது நான்தான். ஆனா அந்த வரி வந்திருந்தா, ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் அதை நினைச்சுக்கிட்டாவது இருந்திருப்பேன்.”

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று பிரேமலதாவுக்கு இன்று வரை தெரியவில்லை. மன்னிப்பு மாதிரியும் இல்லை, பழி மாதிரியும் இல்லை.

அழித்த செய்தியில் என்ன இருந்தது என்று கேட்டாள். பொன்னுத்தாய் யோசித்துப் பார்த்தாள். அன்றைக்கு எத்தனையோ தடவை அமுக்கினேன், எத்தனையோ தடவை அழித்தேன், ஒன்று போய்ச் சேர்ந்ததே தெரியாது என்றாள். ஞாபகம் இல்லையாம். பிரேமலதாவின் பன்னிரண்டு நாளைத் தின்ற அந்தச் சாய்ந்த எழுத்துக்குள் என்ன இருந்தது என்று இனி உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

பிறகு இருவரும் தாளை எடுத்தார்கள். பிரேமலதா முதல் வரியிலிருந்து, ஒரு சொல் விடாமல், தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். மெதுவாக. அவ்வப்போது மில் நின்றால் அவளும் நின்றாள், பிறகு சத்தம் வந்ததும் தொடர்ந்தாள். இரண்டாம் பக்கத்தில், தான் முன்பு மூடிய இடத்தைத் தாண்டி, கீழே எட்டாவது வரியில் அது இருந்தது. சிறுநீர்ப்பை அழுத்தப் பரிசோதனை, மூன்று மாதத்தில், நரம்பு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க. மார்ச் 14, வெள்ளிக்கிழமை.

படம் வந்தது மார்ச் பத்து. அன்றைக்கு அவள் இரண்டாம் பக்கத்தை முடித்திருந்தால் நடுவில் நாலு நாள் இருந்திருக்கும். இன்று இருபத்திரண்டு.

“தேதி தாண்டிடுச்சா?” என்றாள் பொன்னுத்தாய், அவள் முகத்தைப் பார்த்தே.

“தாண்டிடுச்சு. என்னாலதான். ஆனா வேற தேதி வாங்கலாம்.”

“அங்க இருக்கற டாக்டரு ஆம்பளை. இவரு கூட வருவாரு. குழாயை எடுத்துடுவாங்களா, காலத்துக்கும் இதானான்னு நான் இவரு முன்னாடி எப்படிக் கேப்பேன்?” பிறகு, “நீங்க வந்து கேளுங்க. உங்களுக்குத்தான் கூச்சம் கிடையாதே” என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் வந்த ஒரே சிரிப்பு அது.

வீரமலை கலர் பாட்டிலோடு வரும்போது பேச்சு வேறெங்கோ போயிருந்தது. கிளம்பும்போது பொன்னுத்தாய் ஒரு யோசனை சொன்னாள். முதலிலேயே கேள்வியைக் கேட்காதீர்கள், பக்கத்தில் யாரும் இல்லாதபோது ஒன்று என்று நம்பர் மட்டும் போடச் சொல்லுங்கள், அது வந்த பிறகு கேளுங்கள், நம்பரைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள் என்றாள்.

திங்கட்கிழமையிலிருந்து வலித்துணையில் அப்படித்தான் நடக்கிறது. முதல் வாரத்தில் கேட்ட இருபத்தாறு பேரில் பதினொரு பேரிடமிருந்து உடனே நம்பர் வரவில்லை. சிலர் மத்தியானம் போட்டார்கள். ஒருத்தி மூன்றாம் நாள் போட்டாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனாள். பழைய ‘ஒண்ணுமில்லைங்க’ பட்டியலை ஷரபுன்னிசா எண்ணிப் பார்த்தார். அறுநூற்று நாற்பத்து மூன்று. அத்தனை பேரையும் மறுபடி கேட்பது என்று முடிவாகி, பெயர்களைப் பதினான்கு பேரும் பிரித்துக்கொண்டார்கள். பிரேமலதாவின் பங்கு நாற்பத்தாறு. அதில் ஒன்பது எண்கள் இப்போது உபயோகத்தில் இல்லை. அந்த ஒன்பதின் பழைய குரல்களை அவள் மத்தியான நேரங்களில் சாதாரண வேகத்தில் கேட்கிறாள். யாராவது எங்காவது நிறுத்துகிறார்களா என்று. எல்லோரும் எங்காவது நிறுத்தத்தான் செய்கிறார்கள்.

புதுப் பரிசோதனைத் தேதி ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. பொன்னுத்தாய் திருச்சிக்கு நேராக வரும் ஆறேகால் பஸ்ஸில் கிளம்பி வருகிறாள். பிரேமலதா அதே பஸ்ஸில் டோல்கேட்டில் ஏறிக்கொள்கிறாள்.